இன்னும் வராத பக்கம்

பாகூர்,
8 மார்ச் 1934

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் மரியதாஸ் வணங்கி எழுதுவது. சேசுவின் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

என் பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஆளுக்கொரு வயது, ஆளுக்கொரு வேகம். அதனால் அவரவர் சிலேட்டில் தனித்தனியாகப் பாடம் எழுதிக் கொடுத்துவந்தேன். போன மாதம் வந்த மேலதிகாரி, "எல்லாருக்கும் புத்தகத்தில் ஒரே பக்கம்தான்" என்று உத்தரவு போட்டுவிட்டார். எனக்கும் அலுப்பாக இருந்தது, சரியென்றுவிட்டேன்.

நாலாம் நாளிலிருந்து பவுனம்மாள் வரவில்லை. ஒன்பது வயதுப் பெண், இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள். தேடிப் போனேன். தாயோடு கடலைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பள்ளிக்கூடம் வரல?"

"அந்தப் பக்கம் எனக்கு இன்னும் வரல வாத்தியாரே. வந்தப்புறம் வரேன்."

"வூட்ல குந்திக்கினு அழுவுது. இன்னா பண்றது, சொல்லுங்க" என்றாள் தாய்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே பழையபடி நாற்பத்தொரு சிலேட்டிலும் எழுதினேன். அவளும் வந்துவிட்டாள். மேலதிகாரிக்குத் தெரிந்தால் மாற்றல் போடுவார்கள். பயப்படாதீர்கள், நம் காரைக்கால் பக்கமாகவே போட்டாலும் போடலாம்.

பாஸ்கா பண்டிகைக்கு வர முடியாது. பின்தங்கிய பிள்ளைகளைத் தேற்ற வேண்டும். நாரத்தங்காய் ஊறுகாயும், சிலேட்டுத் துடைக்கப் பழைய வேட்டி ஒன்றும் அனுப்புங்கள். தங்கை காசம்மாளைக் கொஞ்சம் நீளமாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பகலெல்லாம் பேசித் தொண்டை கட்டுகிறது. அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை.

தபால்காரர் கிளம்பிவிட்டார்.

உங்கள் மகன்,
மரியதாஸ்