சீரியல் குரூப்புக்கு நான்தான் அட்மின்

அன்புள்ள கோகிலாவுக்கு,

முந்தாநாள் போலீஸ் ஸ்டேஷனில் உன் புருஷன் சீரியல் மாமியார் மாதிரி அழுது காட்டினான். பயப்படாதே, நலமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறதா?

இங்கே சத்தீஸ்கரில் இருக்கிற நம்மூர் போர்வெல் ரிக் வண்டி ஆட்களுக்காக, நீ பார்க்கிற சீரியலைத் தினமும் வீடியோவாகப் போன் குரூப்பில் போட்டு வந்தேன். டிவிக்காரர்கள் கேஸ் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது படித்தவனுக்குக் கிடைத்த ஒரே பதவி அட்மின், அதுவும் போச்சு. என்ன அனுப்பினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இந்தியில் சொல்ல வராமல்தான் அழுது காட்டினேன். சிரித்து, எச்சரித்து விட்டுவிட்டார். போன் மட்டும் அவரிடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

"ஏனுங்க, கதைய எழுதி அனுப்புனாலும் கேஸுங்களா?" என்று மேனேஜர் தனபாலைக் கேட்டேன்.

"உங்கூட்டுக்காரம்மா எழுதுனா ஆருங்க கேஸ் போடுவாங்க?" என்றார்.

ஆகவே தினமும் நடந்ததை நாலு வரி எழுதி வை, வாரம் ஒருமுறை அனுப்பு. இட்லிப் பொடியும் சேர்த்து அனுப்பு. வண்டி கிளம்புகிறது.

மணிமாறன்

பி.கு.: இந்த வயதில் சீரியல் எதற்கு என்றும் அந்த இன்ஸ்பெக்டர் கேட்டார். டைம்பாஸ் என்றேன். எந்த இடத்தில் நீ சிரித்திருப்பாய் என்று தேடித்தான் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை.