உப்பு ஒளிக்க இடமில்லாத ஊர்

ஜனவரி 11, ஜீவனஹள்ளி

குண்டு மாமா, நீ ஆசைப்பட்ட உப்புப் பாலைவனத்துக்கு நான் போகிறேன். உன் தங்கை விஜி டிக்கெட் எடுத்துவிட்டாள். குஜராத்தில் கட்ச். போனில் நீ திரும்பத் திரும்பப் பார்த்த அதே வெள்ளைத் தரை.

டாக்டர் உனக்கு பிரஷர் என்று சொன்னதிலிருந்து உப்பு டப்பாவை ஒளித்து வைத்தேன். நீ அந்த வீடியோவைக் காட்டி, "இந்த ஊர்ல எங்கடி ஒளிப்ப?" என்றாய். நீ போன பிறகும் நான் உப்பில்லாமல்தான் சமைக்கிறேன்.

எதிர் வீட்டுத் தனக்கோடி கேட்கிறாள், "வருஷம்கூடத் திரும்பல, அதுக்குள்ள டூராக்கா?" நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவள். இப்போது மட்டும் கண் நன்றாகத் தெரிகிறது.

ஜனவரி 14, ரயில்

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. எங்கே கிடந்தால் என்ன. ரயில் சாப்பாட்டில் பருப்புக்குச் சர்க்கரை போடுகிறார்கள். அதையும் நாலு பேர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஜனவரி 16

இதுக்கா இத்தனை தூரம்? கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை, ஒரு மரம் கிடையாது. ஒட்டகத்துக்குக் கல்யாணப் பெண் மாதிரி சிங்காரம். நம்ம ஊர் ஈஜிபுராவிலிருந்து வந்த புதுப் புருஷன் பெண்டாட்டி. அவள் குதிக்கிறாள், அவன் படம் எடுக்கிறான். "சரியா வரல, இன்னொரு வாட்டி குதி." ஒட்டகமே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கூட்டிப்போன ஆள் ஒரு உப்புக் கட்டியை என் கையில் வைக்க வந்தான். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வருமே. எனக்குத் தெரிந்த இந்தியில், கீழே வை என்றேன். "கீழே பூரா உப்புதானே அம்மா" என்று சிரித்தான். விஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் தடவை. உடனே எரிச்சல் வந்தது. யாரைக் கேட்டுச் சிரித்தேன்?

நானே குனிந்து ஒரு கட்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர். வெயில்தான்.

ஜனவரி 17, மாண்ட்வி கடற்கரை

கடலாம். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. "காலையாவது நனைங்கண்ணி" என்றாள் விஜி. நனைத்தேன். உதட்டில் தெறித்தது. இங்கேயும் உப்பு.

உப்பு போட்டிருந்தாலும் போயிருப்பார் என்கிறார் டாக்டர், இப்போது. அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர் சொன்னதைத்தானே செஞ்சேன்? அப்படியும் போயிட்டியே மாமா. சப்புனு துன்னுட்டு, மூஞ்ச சுளிச்சுனு, ஒரு வார்த்த திட்டாம —

ஜனவரி 20

"அங்க என்னக்கா இருக்கு?" என்றாள் தனக்கோடி. உப்பு என்றேன். "அது நம்ம கடையிலயே இருக்கே."

பிப்ரவரி 2

உனக்கு வருஷத் திதி. விஜி காய் நறுக்கினாள், அடுப்பு நான்தான். புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், ரசம். அங்கிருந்து எடுத்து வந்த கட்டியை இடித்துப் போட்டேன். எவ்வளவு போடுவது? கைக்கு அளவு மறந்துபோயிருந்தது.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. "ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாருங்கண்ணி, அண்ணன் என்ன கேக்கவா போறாரு?" என்றாள் விஜி. நான் பார்க்கவில்லை.

இலை போட்டு, உன் படத்துக்கு முன்னால் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மாமா, உப்பு போதுமா?