சோலார் தகட்டுக்கு விபூதி

3-10-03, வெள்ளி

நல்ல வெயில். மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டாயிற்று. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகவில்லை, முழங்கால் வலி.

மாலை வழக்கம்போல் கரண்ட் கட். தெருவில் நம் வீட்டு சோலார் விளக்கு மட்டும். எதிர்வீட்டுக் கஸ்தூரி பாதி தைத்த ரவிக்கையோடு ஓடிவந்தாள். நம் கூடத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்தாள். தீபாவளித் துணி மலையாய்க் கிடக்கிறதாம். இருட்டினால் பாதியைத் தைக்காமலே திருப்பிக் கொடுக்கவேண்டி வருமோ என்று பயம். அவளுக்கும் ஒரு தகடு வேண்டும். புருஷன் ஏழுமலை, ஒரகடத்துக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், மசியவில்லை.

"கெட்டுப்போனா யாரு சார் பாக்கறது? மெட்ராஸ்லேர்ந்து ஆளு வரணும். அதுக்குள்ள தீபாவளியே பூடும்."

தண்ணீர்த் தொட்டி உதாரணம் சொன்னேன். பகலில் நிரப்புகிறோம், மாலையில் குழாயைத் திறக்கிறோம். பேட்டரியும் அப்படித்தான்.

"தொட்டி ஓட்டயானா?"

நல்ல கேள்வி.

4-10-03, சனி

ஆயுத பூஜை. பொரி, சுண்டல். சுண்டலில் உப்பு தூக்கல், சொல்லவில்லை. கிரைண்டர், சைக்கிள், டிவி, மாடியில் சோலார் தகடு, என் மனைவி சரோஜா எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம்.

6-10-03, திங்கள்

துளி மேகம் இல்லை. விளக்கைப் பார்க்க ஏழுமலையை மாலை வரச் சொல்லியிருந்தேன். வந்தார். கரண்ட் போனது. நம் விளக்கு இரண்டு முறை துடித்தது, அணைந்தது.

"இன்னா வாத்தியாரே, சூரியனுக்கும் பூஜ லீவா?"

கஸ்தூரி சிரிக்கவில்லை. "பரவால்ல சார். பாதித் துணிய திருப்பிக் குடுத்துடறேன்."



7-10-03, செவ்வாய்

விடிந்ததும் மாடிக்கு. வேடிக்கை பார்க்க ஏழுமலையும் பின்னாலேயே.

தகட்டின் குறுக்கே மூன்று பட்டை விபூதி. நடுவில் தோசை அளவு சந்தனம். வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி.

சரோஜா: "எல்லாத்துக்கும் வெச்சேன். வெளிச்சம் குடுக்கறதுக்கு வெக்காம விடுவேனா?"

கைகோத்து நடக்கும் பிள்ளைகளில் ஒருவன் உட்கார்ந்தால் வரிசையே நின்றுவிடும், தகட்டின் கட்டங்களும் அப்படி என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் ஈரத்துணியால் துடைத்தே விட்டாள். பேட்டரிப் பெட்டியில் சார்ஜ் ஏறுகிறதைக் காட்டும் பச்சை விளக்கு வந்தது.

ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இம்மாந்தானா ரிப்பேரு?"

"இவ்வளவுதான்."

"பஸ்ஸு கண்ணாடிய தெனம் தொடைக்கிறேன். இத்த தொடைக்க மாட்டனா?" மாடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்க: "ஏ கஸ்தூரி! துணிய எவளுக்கும் திருப்பிக் குடுக்காத! நம்ம வூட்லயும் தகடு போட்றலாம்!"

என் உதாரணங்களால் ஆகாதது சரோஜாவின் விபூதியால் ஆயிற்று. அவளிடம் சொன்னேன். ஒரே பெருமை. மதியம் வடை.

16-10-03, வியாழன்

காலை தூறல், பிறகு வெயில். ஏழுமலை வீட்டு மேலே தகடு ஏறிவிட்டது. சரோஜா குங்குமச் சிமிழோடு போனாள். ஏழுமலை இரு கையும் விரித்து மறித்தார்: "கண்ணாடி மேல வேணாம்மா. இரும்புக் காலுக்கு வெச்சிடுங்க."

மாலை கரண்ட் கட். கஸ்தூரி மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏழுமலை வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். "வாங்க வாங்க, சும்மா பாத்துக்கினு போங்க. கெட்டுப்போனா இன்னா? நான் கீறேன்!"