தாம்பரமா, அயனாவரமா

செப். 14, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். எக்சேஞ்சில் போர்டில் உட்கார்ந்து, மலை மேல் கரியாலூர் தபால் ஆபீஸ் டெலிபோன் லைனைச் சோதித்தபோதே காதில் மழைச் சத்தம். மலையில் பெய்வது எனக்குத்தான் முதலில் தெரியும். கீழே இங்கே கள்ளக்குறிச்சிக்கு வர மத்தியானம் ஆகும். மெட்ராஸ் போனால் இந்தப் பெருமை போச்சு.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மெட்ராஸ் டிரங்க் எக்சேஞ்ச். அக்டோபர் முதல் தேதி போர்டில் உட்கார வேண்டும். சனிக்கிழமை அப்பாவோடு போய் வீடு பார்ப்பதாக ஏற்பாடு.

அப்பா கட்சி தாம்பரம். அங்கே ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் போர்ஷன் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து ஆட்கள் மெட்ராஸ் போனால் தாம்பரத்தில் இறங்குவார்கள், இறங்கிய இடத்திலேயே குடித்தனமும் வைத்துவிடுவார்கள். அதற்கு அப்பால் ஊர் இருப்பதாகவே யாருக்கும் நினைப்பில்லை. "நம்மூரு பஸ்ஸு நிக்கிற எடம். மனசு செரியில்லன்னா ஏறிக் குந்திக்கினு வந்துடலாம்." ஆபீஸ் இன்னொரு கோடியில் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

எழும்பூர் ஹாஸ்டல்: எட்டு மணிக்குக் கேட் பூட்டு. ஷிப்ட் முடிவதே பத்துக்கு. பட்டியலிலிருந்து அடித்தாயிற்று.

அயனாவரம்: சரோஜா அக்கா சொல்வது. அவர் தெருவிலேயே மாடி போர்ஷன். அக்கா மெட்ராஸ் எக்சேஞ்சில் ஆபரேட்டர். ஆறு வருஷமாகத் தினம் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. குட்டையா நெட்டையா, அதுகூடத் தெரியாது.

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்கணும்.

15, செவ்வாய்

லீவு. வெயில். துணி மடித்தேன்.

எங்கள் ஊர் பஸ் போகும் கச்சிராயபாளையம் ரோட்டு மேல் இருக்கும் இந்த மாடி அறையும் அப்பா பிடித்ததுதான். தண்ணீர் வருமா, காற்று வருமா, எதையும் கேட்கவில்லை. ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்தார். "டவுன் பஸ்ல போனா தெரியும்" என்றார், முடிந்தது. அறையில் இருந்தால் கைப்பிடிச் சுவரில் மஞ்சள் துண்டு போட வேண்டும் என்று உத்தரவு. கரும்பு விஷயமாக டவுனுக்கு வரும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார். பல நாள் துண்டைப் பார்த்துவிட்டு இறங்காமலேயே போயிருக்கிறார்.

அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். நான் என்ன சின்னக் குழந்தையா என்று. இன்று அந்தத் துண்டைப் பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. வெறுமனே காயப் போட்டேன்.

17, வியாழன்

மறியல் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்து ஜனம், படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு. ரோடு முழுக்கப் புளிய மரங்கள் வெட்டிச் சாய்த்துக் கிடக்கின்றன. பஸ் ஒன்றும் இல்லை. உளுந்தூர்பேட்டை பக்கமும் அப்படியேதானாம். போர்டில் மூச்சுவிட நேரமில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்காளு வந்து சேந்தாரா?"

சனிக்கிழமைப் பயணம் அம்போ.

18, வெள்ளி

மாம்பலத்தில் ஒரு வீடு, விளம்பரம் பேப்பரில் பார்த்தது. போன் போட்டேன்.

"தனியாவா?"

"ஆமாங்க."

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ரோட்டுல மரம் வெட்டிப் போடறாங்களே, அந்தப் பக்கமா? நீங்க என்ன ஆளுங்க?"

டிரங்க் காலுக்குக் கணக்கான மூன்று நிமிடம் முடிந்தது என்று என் போர்டுக் குரலில் சொல்லி நானே லைனை வெட்டினேன். முடியவில்லைதான். பாதிகூட ஆகவில்லை.

அரிசி இருக்கிறது. காய் இல்லை. ஊறுகாய்.

19, சனி

சரோஜா அக்கா பெரிய காரியம் செய்துவிட்டார். என்னால் வர முடியாது என்று தெரிந்ததும் அவரே போய் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், தாம்பரம் உட்பட. போன் கால்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார்.

"இன்னாடி, பொய் சொல்ல மாட்டேன். தாம்பரத்து வூடு தோதா கீது. கெணறு, காத்து, உங்க ஊரு ஜனம். நம்ம தெருவுல பம்புல தண்ணி அடிச்சுத்தான் தூக்கணும். கீழ மாவு மில்லு, பகலெல்லாம் சத்தம்."

"அப்ப எது நல்லதுக்கா?"

"அத்த நீதான் சொல்லணும். ஆனா ராத்திரி ஷிப்ட் வுட்டா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்துடலாம்."

தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிற மனுஷி. எனக்கு அயனாவரம்தான் வேண்டும். தாம்பரத்தில் இருந்தால் ஒரு கால் எப்போதும் ஊர் பஸ்ஸிலேயே இருக்கும். ஆனால் அம்மா போனபிறகு அப்பாவுக்கு நான் ஒருத்திதான். அவர் முகம் சுண்டிப்போக நான் எங்கும் குடிபோக மாட்டேன்.

21, திங்கள்

மத்தியானம் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு போன் கால். எடுத்தால் காது கிழிகிற கூச்சல்.

"ஆபீசருங்களா? வசந்தான்னு எம் பொண்ணு அங்க வேல செய்யிதுங்க. கொஞ்சம் கூப்புடுங்க."

"அப்பா, நான்தான்."

"நீங்க இல்லீங்க. எம் பொண்ணு."

போனில் அப்பா பேசியதே இல்லை. என் போர்டுக் குரலைக் கேட்டதும் இல்லை. நம்ப வைக்கவே நேரம் ஆகிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"துண்டு போட்டுக்கினு இருக்கியா?"

"போட்டிருக்கேம்பா."

"பஸ்ஸே இல்ல, யாரு பாக்கறது. மலையில மழையா? அணைக்குத் தண்ணி வருமா?"

"நல்ல மழைப்பா. வரும்."

வீடு அயனாவரம் என்றேன், சரோஜா அக்கா தெரு என்றேன்.

"அங்க நம்மூரு பஸ்ஸு நிக்குமா?"

"நிக்காதுப்பா."

அப்புறம் லைனில் இரைச்சல் மட்டும். மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கவா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

24, வியாழன்

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்டுவிட்டார்கள். முதல் பஸ்ஸிலேயே அப்பா. கையில் ஒரு பை வேர்க்கடலை. சட்டையெல்லாம் புழுதி. அறைக்குப் போகவில்லை, நேராக எக்சேஞ்சுக்கு வந்து வாசலில் நின்றார். வெளி ஆட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சூப்பர்வைசர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா உள்ளே வந்தார்.

"நான் பேசுனது இதுல எந்த ஓட்ட?"

காட்டினேன். மேலே பெயின்டில் எழுதியிருக்கிறது, கச்சிராயபாளையம்.

"மெட்ராசு?"

அதையும் காட்டினேன். கீழ் வரிசை, சற்றுத் தள்ளி.

"நீ அங்க பூட்ட பெறவு நான் கூப்புட்டா, இதுலேர்ந்து அதுலதான் சொருவுவாங்களா?"

"ஆமாம்ப்பா."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். போர்டில் படாமல் இரண்டு ஓட்டைக்கும் நடுவே விரலை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"ஒரு சாணு கூட இல்லியே" என்றார்.

பையை என் மடியில் வைத்தார். "அந்தக்காவுக்கும் கொஞ்சம் குடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மெட்ராஸ் லைனில் பிளக்கைச் சொருகினேன். "இன்னாடி, எந்த வூடு?" என்றார் அக்கா. அயனாவரம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு முழுசாக மூன்று நிமிடம் ஆயிற்று.