கோபாலுக்கு வைத்த சட்னி

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லேக் மார்க்கெட் போய் வந்தார். கோழித் தொடை எட்டு, அன்னாசி ஒன்று, உலர்ந்த ஆலுபுக்காராப் பழம் நூறு கிராம். குடை மட்டும் கடையிலேயே.

இருபத்திரண்டாம் கல்யாண நாள். நித்யா பெங்களூரிலிருந்து வீடியோ அனுப்பியிருக்கிறாள், கோழிமேல் பழப்பாகு பூசிப் பளபளவென்று சுடுவது. "இந்த வருஷமாவது குழம்பு வேண்டாம்மா, ப்ளீஸ்."

குறித்துக்கொள்ள:
அன்னாசி அரைத்தது, 2 கப்
ஆலுபுக்காரா 10, ஊறவைத்து மசித்தது
வெல்லம் ஒரு கைப்பிடி (வீடியோவில் தேன். வீட்டில் தீர்ந்துவிட்டது)
வரமிளகாய் 6, ஒன்றிரண்டாக. அடுத்த தடவை 5 போதும்
இஞ்சி, உப்பு, அரை எலுமிச்சை
பூண்டு இதில் இல்லை. கோழியில் தடவியதோடு சரி.

கொதித்துப் பாகாக வந்தது. பாதியைக் கிண்ணத்தில் எடுத்து, கோழிமேல் பிரஷ்ஷால் பூச. மீதிப் பாதி வாணலியிலேயே, மூடிபோட்டு. ஓவனில் முக்கால் மணி. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பூச்சு. கடைசிப் பூச்சை இவரிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் தட்டில் எடுத்தே வைத்துவிட்டார். ஓரமெல்லாம் லேசாகக் கருகி, கடித்தால் முதலில் இனிப்பு, அப்புறம் சுள்ளென்று. இவர் எலும்பைக்கூட விடவில்லை. நானும்தான்.

வாணலியில் மிச்சம் இருந்தது. பார்த்தால் அப்படியே இந்த ஊர் வங்காளிச் சட்னி, சாப்பாடு முடிகிற நேரத்தில் இனிப்பாக ஒரு கரண்டி வைப்பார்களே அது. மேலே லேசாக எண்ணெய் மினுக்கு. உடனே மாஷிமா ஞாபகம். மாஷிமா என்றால் வங்காளியில் பெரியம்மா, சித்தி. மேல்மாடியில் தனியாக இருக்கிறாள். கணவர் போன நாளிலிருந்து பதினாலு வருஷமாக மீன், இறைச்சி, முட்டை, வெங்காயம், பூண்டு ஒன்றும் தொடுவதில்லை. இதில் பூண்டு இல்லை, பிரஷ் படவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துப் போனேன்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "நாளைக்கு மொதல்ல கோபாலுக்கு வெச்சிட்டு அப்புறம் சாப்பிடறேன், பௌமா." பௌமா என்றால் மருமகள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் பேசுவது வங்காளி, எனக்கு எழுத வருவது தமிழ்.

கோபால் அவள் பூஜையில் இருக்கும் பித்தளைக் குழந்தைக் கிருஷ்ணன். குளியல், சட்டை, கரண்ட் போனால் விசிறி. அவனுக்கு வைக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

நல்ல காரியம் செய்த திருப்தி. கால் வலி. தூக்கம்.


ஜூலை 14, திங்கள்

மழை விட்டது. புழுக்கம். துணி காயவில்லை.

11.10க்கு இவர் கிடர்பூர் ஆபீஸிலிருந்து போன்.

"செல்வி, அந்த சாஸ் மிச்சம் இருக்குல்ல? ராத்திரி சப்பாத்திக்கு எடுத்து வை."

"இல்லியே. நேத்தே மாஷிமாவுக்குக் குடுத்துட்டேன்."

"எது, வாணலியில இருந்ததா?"

"ஆமா."

பின்னால் லாரி ஹாரன்.

"ஐயையோ. நீ குளிக்கப் போனப்ப தட்டுல நின்ன கோழிச் சாறு, கிண்ணத்துல மிஞ்சினது, எல்லாத்தையும் அதுலதான்டி ஊத்துனேன். வீணாப் போகுதேன்னு. கெட்டுடக் கூடாதுன்னு ஒரு கொதியும் விட்டேன்."

எண்ணெய் மினுக்கு. நான் எண்ணெயே விடவில்லை. நேற்று அதைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். கோழிக்கொழுப்பு.

ஆனால் நேரம் இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். கோபாலுக்கு நைவேத்யம் பன்னிரண்டுக்கு. அவள் சாப்பிடுவது ஒரு மணிக்கு. 11.10க்கு எனக்குத் தெரியும்.

வங்காளியில் எப்படிச் சொல்வது என்று சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் பாதிக்குமேல் போகவில்லை. 11.50க்குப் படியேறினேன். நடுப்படியில் நிற்கும்போது மேலே மணி அடித்துவிட்டது. அவள் பூஜை மணி. திரும்பி வந்துவிட்டேன்.

சரி, கோபாலுக்குப் போனது போனது. அவள் வாய்க்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததே. அந்த ஒரு மணி நேரம் நான் காயாத துணியை மடித்தேன். தலையணை உறை மாற்றினேன். 1.15 ஆனதும் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குத் தோன்றுகிறது, கிண்ணத்தில் பல்லி விழுந்துவிட்டது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். வாயும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வந்தது. குக்கர் காஸ்கெட் வாங்கணும்.

பத்து மணிக்கு மாஷிமாவே இறங்கி வந்தாள், முட்டிவலியோடு. கையில் என் கிண்ணம், உள்ளே நாலு தேங்காய் நாடு. நம் ஊர்த் தேங்காய் உருண்டை மாதிரிதான். அவள் ஒருநாளும் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தந்ததில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி பொரியாவது இருக்கும்.

"என்ன போட்டே பௌமா? நேத்து சாதமே ரெண்டு வாய் கூடப் போச்சு. பாதியை ஜாடியில எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்கும் கோபாலுக்கு."

இன்னிக்கும். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். கதவைத் திறந்துகொண்டு எதிரில் நிற்கிறாள், பக்கத்தில் யாரும் இல்லை. நான் சொன்னது: "அன்னாசி, மாஷிமா. வெல்லம்."

இரவு இவர்: "விடு செல்வி. தெரியாம நடந்ததுதானே."

"குடுத்தப்ப தெரியாது. இன்னிக்குத் தெரியும்ல?"

டிவி சத்தத்தைக் கூட்டினார். நாடு நாலில் மூன்றை அவரே சாப்பிட்டார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.


ஜூலை 17, வியாழன்

மறுபடி மழை. படியில் காலடிச் சத்தம் கேட்டால் கதவை மூடிக்கொள்கிறேன். குப்பையைக்கூட இவர்தான் கீழே கொண்டுபோகிறார்.

இருந்தும் பால் வாங்கும்போது மாட்டிக்கொண்டேன். மாஷிமா, கூடவே நியூ டவுனிலிருந்து வந்த மகன். கையில் புரோட்டீன் பவுடர் டப்பா. டாக்டர் சொல்லிவிட்டாராம், உடம்பில் சத்தே இல்லை, தினம் ஒரு முட்டை, முடிந்தால் சிக்கன் சூப்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க" என்றான் என்னிடம். ஹிந்தியில்.

நான் பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஷிமா சிரித்தாள். "என்னை யாரும் விடச் சொல்லல, பௌமா. மாமியார் சொல்லல, புரோகிதர் சொல்லல. இவன் அப்பா போன அன்னிக்கு நானா விட்டது. அவருக்கு ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லாம ஆகாது. நான்தான் சமைப்பேன், ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். தனியா உக்காந்து அதைச் சாப்பிட எனக்கு வராது. இதுல டாக்டருக்கு என்ன வந்துது?"

யாரும் சொல்லாமல் அவளாக விட்டது. பதினாலு வருஷம். நான் அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.

பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பில் வைத்ததே மறந்துபோனது.


ஜூலை 19, சனி

நித்யாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சொல்லாதம்மா. சொன்னா அவங்களுக்கு என்ன நல்லது? உனக்குத்தான் பாரம் எறங்கும்."

"நாளைக்கு எனக்கு யாராவது இப்படிப் பண்ணா நான் தெரிஞ்சிக்க ஆசைப்படுவேன்டி."

"அவங்க நீ இல்லையே."

போனை வைத்துவிட்டேன். இருபது வயசில் எல்லாம் தெரிந்துவிடுகிறது இவர்களுக்கு.

வாணலியைப் புளிபோட்டு இரண்டு தரம் தேய்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.


ஜூலை 21, திங்கள்

ஏகாதசி. மாஷிமாவுக்கு விரதம், பழம் மட்டும். நானும் சாதம் சாப்பிடவில்லை. இவர் கேட்டார், "உடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றேன்.

கரியாஹாட் போய்ப் புதிதாகச் சின்ன வாணலி, புதுக் கரண்டி. ஒரு அன்னாசி. நாளைக் காலை குளித்துவிட்டு, வீட்டில் வேறு எதையும் தொடுவதற்கு முன் சுத்தமாக ஒரு சட்னி. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று மனசு சொல்கிறது. ஆகாது என்றும் தெரிகிறது. இருந்தாலும் செய்வேன்.


ஜூலை 22, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

5.30 குளியல். புது வாணலி. அதே அளவு, மிளகாய் மட்டும் 5. இவரை அடுப்பங்கரைப் பக்கமே வரவிடவில்லை. "நான் என்னடி பண்ணேன்" என்று ஹாலில் நின்று புலம்பினார். காப்பி போட்டுக் கொடுக்கவில்லை, பாவம், தண்ணீர் குடித்துவிட்டு ஆபீஸ் போனார்.

10.30. அதே எவர்சில்வர் கிண்ணம். மாஷிமா காலைப் பூஜை முடித்திருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. கோபால் முன்னால் வெள்ளித்தட்டில் ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். பிறகு அந்த ஒரு ஸ்பூனையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். காத்திருந்தாள்.

"நல்லா இருக்கு." ஸ்பூனைத் திரும்பவும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஆனா அன்னிக்கு மாதிரி இல்லையே பௌமா. என்னமோ குறையுது. அன்னிக்கு என்ன போட்டிருந்தே?"

அப்படிக் கேட்டுவிட்டாள். மிளகாய் ஒன்று குறைச்சல் என்று சொல்லியிருக்கலாம், அது நிஜமும்கூட. வாயைத் திறந்தேன், எல்லாமே வந்துவிட்டது. கோழி, ஓவன், குளிக்கப் போனது, இவர் ஊற்றியது, 11.10 போன், நடுப்படி, மணி. பாதி வங்காளி, பாதி ஹிந்தி, அழுகை வந்ததும் தமிழ்.

மாஷிமா ஸ்பூனை வைத்தாள். கோபம் வரும், கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் புரியாமல் பார்த்தேன்.

"மொத ஸ்பூன்லயே தெரிஞ்சுது. இருபத்தெட்டு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம சமைச்சவ நான். நாக்கு மறந்துடுமா? ஏதோ மெட்ராஸ் மசாலா போலன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது ஸ்பூன் எடுத்தேன். மூணாவது எடுத்தேன். அன்னிக்கு எனக்கு அவர் பக்கத்துல உக்காந்திருந்த மாதிரி இருந்துது."

வெள்ளித்தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"மொத நாள் தெரியாம கோபாலுக்கு வெச்சேன். ரெண்டாவது நாள் தெரிஞ்சும் வெச்சேன். மசாலாதான், மசாலாதான்னு சொல்லிக்கிட்டே. அப்படியே இருந்துட்டுப் போயிருப்பேனே. நீ எதுக்கு வந்து சொன்னே?"

"மனசு கேக்கல, மாஷிமா."

"உன் மனசு." தலையாட்டினாள். "இறக்கி வெச்சிட்டே. இப்ப நான் இதை யார்கிட்டப் போய் இறக்கி வெப்பேன்?"

திரும்பிக் கோபாலைப் பார்த்தாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

நித்யா சொன்னதுதான். என் பாரம் இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கூடியிருக்கிறது.


ஜூலை 23, புதன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

12.00. மேலே மணி சத்தம் இல்லை.
12.15. இல்லை.
12.40. அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

இவர் இரவு கேட்டார், "போய்ப் பேசட்டுமா? தப்பு என் பேர்லதானே." வேண்டாம் என்றேன். நல்ல மனுஷன்தான். அவர் செய்தது தெரியாமல். போன் வைத்தபிறகு நடந்ததெல்லாம் நான்.


ஜூலை 24, வியாழன்

காலை 7. கதவைத் திறந்தால் வாசலில் என் செருப்பு, ஜோடியாகத் துடைத்து வைத்து. கைப்பிடியில் துணிப்பை. உள்ளே என் கிண்ணம்.

கனமாக இருந்தது. காலியாகத் தரமாட்டாள், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

நான் கொடுத்த சட்னி. அப்படியே. நடுவில் ஒரு ஸ்பூன் எடுத்த குழி.