பச்சைக் கார் அம்மாவிடம் நான் சொன்ன பொய்

தம்போய், ஜோகூர்
திங்கட்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி தேறி நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுச் செல்லத்தின் மகள் நாளை அங்கே புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைமேல் டேப் ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

காப்பி வேன் நன்றாக ஓடுகிறது. அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை போனதும் பட்டறை வரிசைக்கு முன்னால் வேனை நிறுத்தி முதல் நாள் பதினோரு கப் விற்றோமே, இப்போது ஒன்பது மணிக்குள் இரண்டு பெரிய பானை தீர்ந்துவிடுகிறது. கல்யாணங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். வளர வளரக் கண்ணும் படுகிறது. போன மாதம் எதிர்ச் சந்தியில் கறுப்பாக இன்னொரு காப்பி வேன் வந்து நின்றது. அன்றிலிருந்து யார் வந்தாலும் ஏற இறங்கப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். தூள் கலப்பதும் கதவைச் சாத்திக்கொண்டுதான், அப்பாவுக்கே அளவு தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பச்சைக் காரில் ஒரு அம்மா வர ஆரம்பித்தார். பேச்சுவாக்கில் வீடு பண்டார் தெங்காராவில் என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து குடிக்க நான் என்ன அமிர்தமா கலக்குகிறேன்? பாதிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தீங்க, வீடு சொந்தமா, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேள்விமேல் கேள்வி. எதிர் வேன்காரன் அனுப்பிய ஆள் என்று முடிவுகட்டி எஸ்டேட் பெயரையே மாற்றிச் சொன்னேன். மூன்றாம் முறை வந்து, "டப்ளின்ல மக ஒன்னு இருக்காமே" என்றார். நான் உன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை! எனக்குச் சுருக்கென்றது. "அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சுங்க, ஆம்பளப் புள்ள இருக்கு, புருசன் போலீசு" என்று கூசாமல் அடித்துவிட்டேன். போலீஸ் என்றால் பயந்து ஓடுவார் என்று கணக்கு. அவர் முகம் செத்துவிட்டது, காப்பியைத் தொடாமல் போனவர் பிறகு வரவே இல்லை. தொல்லை விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நேற்று பண்டார் தெங்காராவில் ஒரு கல்யாணத்துக்குக் காப்பி ஊற்றப் போனோம். அதே அம்மா பட்டுச் சேலையில் வந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காப்பி வாங்க வந்த கிருஷ்ணம்மா என்ற பெண்ணிடம் மெல்ல விசாரித்தேன். "அவங்க கஸ்தூரி. பாவம்லா, மகன் ஹேமநாதன் டப்ளின்ல டாக்டரு. அங்க ஒரு தம்போய்ப் பொண்ண விரும்பினானாம். குடும்பம் எப்படின்னு இவங்க விசாரிக்கப் போனா, பொண்ணுக்குப் புருசனும் புள்ளையும் இருக்குன்னு பெத்தவளே சொன்னாளாம்" என்றாள். கையிலிருந்த காப்பியை என் காலிலேயே கொட்டிக்கொண்டேன், சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே. பெண் கேட்கும் முன் ஆள் தெரியாமல் விசாரிக்க வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? உன் சித்திக்கு வரன் வந்தபோது தங்காக்கில் மாப்பிள்ளை வீட்டெதிர் மளிகைக் கடையில் நானே போய் நின்றவள்தானே. வியாபாரம் வந்ததும் புத்தி அப்படிப் போய்விட்டது.

இப்போது சந்தேகம் உன் மேல். இரண்டு வாரத்துக்கு முன் போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சளி என்றாயே, அது சளிதானா? நீ அனுப்பும் படங்களின் ஓரத்தில் ஒரே கடிகாரம் கட்டிய ஆண்கை தெரிகிறதே, அது அவனா? அவன் மேலும் எனக்குச் சந்தேகம்தான், உன் பேச்சை நம்பாதவன் என்ன ஆள் என்று ராத்திரி முழுக்கத் திட்டினேன். ஆனால் பெற்றவளே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். உன் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் கண்ணு, மன்னித்துவிடு. அவன்தான் என்றால் ஒரு வரி அனுப்பு, மறுநாளே வேனை எடுக்காமல் கஸ்தூரி அம்மா வீட்டுக்குப் போய் நான்தான் பொய்க்காரி என்று சொல்கிறேன். கதவைச் சாத்தினாலும் நிற்பேன்.

எது எப்படி ஆனாலும் நீ குறையில்லாமல் வாழ வேண்டும், அந்த வேலவன் துணையிருப்பான். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தை அந்தப் பையனிடம் கொடு. தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் நீயே படித்துக் காட்டு, ஒரு வரி விடாமல். ரூபினிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று பெற்றவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ச. புஷ்பவள்ளி