பழைய டெஸ்க்டொப்பை நீக்கிய நாள்

இன்று காலை அலுவலகக் கணினியில் பழைய டெஸ்க்டொப்பை, அதாவது திரைமுகப்பைக் காட்டும் மென்பொருளை, நீக்கப் போனேன். அதோடு சேர்ந்து நீங்கப்போகும் மென்பொருள்களின் பெயர்கள் வரிவரியாக இறங்கின. கடைசியில், தொடரவா என்ற கேள்வி. விரல் நின்றுவிட்டது, மச்சான்.

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நாங்கள் இருவரும் கணினி வகுப்பு நடத்தினோம். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு சேர்ந்தவன். பழைய கணினிகளுக்கெல்லாம் லினக்ஸ் இயங்குதளம் போட்டாய். அதிலிருந்த டெஸ்க்டொப்பின் பாரம் தாங்காமல் அவை தவழ்ந்தன. இலேசான இன்னொன்றையும் நிறுவிவிட்டு, "புதுசில ஒரு கிழமை வேலை செய்து பாப்பம். பிறகு பழசை எடுப்பம். எடுக்கேக்க லிஸ்ற்றை வாசி" என்றாய்.

நான் பொறுக்கவில்லை. மறுநாள் டிக்கோயாவில் அரச அதிகாரிகள் வந்து விண்ணப்பங்களை ஏற்கும் நடமாடும் சேவை. அடையாள அட்டை இல்லாத தோட்ட லயத்துச் சனங்களுக்காக நாங்கள் தட்டச்சு செய்த விண்ணப்பங்கள் ஒரே கணினியில் இருந்தன. அதில் இடம் நிரம்பி, அச்சிட முடியவில்லை. நீ தேநீர் குடிக்கப் போன நேரம் பழையதை நீக்கினேன். பட்டியலை வாசிக்கவில்லை. திரும்ப இயக்கியதும் திரை கறுப்பாகவே நின்றது.

"எல்லாம் போயிருச்சாடா?" நீ வந்ததும் கேட்டேன்.

"லொகின் திரையும் பழசோட சேந்து போட்டுது. பைல் எல்லாம் உள்ளுக்க இருக்கு, பயப்பிடாத."

ஏசாமல் உட்கார்ந்து, அந்தக் கறுப்பில் வெள்ளை எழுத்துகளாகக் கட்டளைகளைத் தட்டத் தொடங்கினாய்.

அப்போதுதான் சிவில் உடையில் இருவர் படியேறி வந்தார்கள். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். உன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தார்கள். என்ன இரகசியம் எழுதுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். உன் அடையாள அட்டையில் பிறந்த இடத்தை வாசித்துக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"இவன் உன் சிநேகிதனா?"

"இல்லை, இங்கே வேலை செய்கிறவர்" என்றேன். அந்தளவு சிங்களம் உனக்கு விளங்கும்.

அவர்கள் போனபின் நீ மறுபடி திரைப்பக்கம் திரும்பி, கணினியைச் சரிசெய்து முடித்தாய். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு, ஓரம் தட்டி அடுக்கி, என் கையில் தந்தாய். மறுநாள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நீ வகுப்புக்கு வரவில்லை. நீ தங்கியிருந்த வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "வேன்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க தம்பி. விசாரிச்சிட்டு விட்டுருவோம்னாங்க" என்றார். ஏறாத காரியாலயமில்லை. எங்குமே அப்படியொருவரைத் தெரியாது என்றார்கள்.

அந்தக் கறுப்புத் திரையாலா, பிறந்த ஊராலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்குப் பின் உன் அம்மா உன் பையை எடுத்துப்போக வந்தார்.

"நீங்கள்தானே தம்பி, என்ர பிள்ளையின்ர சிநேகிதன்? கடைசிக் கடிதத்திலயும் உங்களைப் பற்றி எழுதியிருந்தவன்."

"ஆமாங்கம்மா" என்றேன்.

அந்தக் கடிதத்தை நீ எந்த நாளில் எழுதினாய், அந்த இருவரும் படியேறி வருவதற்கு முன்பா, பின்பா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவரும் போன வருடம் காலமாகிவிட்டார். கேட்காத அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது.